இரண்டு இரவில் முடித்த நாவலும் 120-ஆம் பக்கத்தில் மூடிய நாவலும்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். நான்கு மாதத்தில் ஃபேன்டசி, காதல், இரண்டும் கலந்தது என்று 11 நாவல்கள் படித்திருக்கிறீர்கள். அதில் ஒன்று, தொட்டவர் செத்துப்போகும்படி சாபம் வாங்கிய இளவரசனுக்கும் அவனைக் கொல்ல வந்த பெண்ணுக்கும் காதல் வரும் கதை. இரண்டே இரவில் முடித்துவிட்டு ஐந்து நட்சத்திரம் போட்டீர்கள். ஒரு மாதம் கழித்து அந்த இளவரசனின் பெயர்கூட நினைவில்லை. இன்னொரு நாவல் ஊர்ந்து போகிறது என்று 120-ஆம் பக்கத்தில் மூடிவைத்து, இரண்டு நட்சத்திரம் கொடுத்தீர்கள். அதில் ஒருத்தி மந்திரத்துக்கு விலையாகத் தன் தாயின் முகம் பற்றிய நினைவைக் கொடுத்துவிடுகிறாள். பிறகு தெருவில் தாயே எதிரில் வரும்போது, யாரோ என்று ஒதுங்கி வழிவிடுகிறாள். அந்தக் காட்சி உங்களை விடமாட்டேன் என்கிறது. நடுவில் ஒரு தோழி வேறு, "முடிவு முன்னாடியே தெரிஞ்ச கதைக்கெல்லாம் கருத்து ஒரு கேடா" என்று கிண்டல் செய்திருக்கிறார். என் ரசனை மட்டமாகிவிட்டதா, என் கருத்தை நானே நம்பலாமா என்று கேட்கிறீர்கள்.

ரசனை பற்றிக் கேட்டாலும், உள்ளே இருக்கும் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்: படிக்கும்போது கிடைத்ததை நம்புவதா, படித்த பிறகு தங்கியதை நம்புவதா? பதிப்பகங்களுக்கு வரும் நாவல் பிரதிகளைப் படித்து, எடுக்கலாமா வேண்டாமா என்று இரண்டு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுப்பது 18 வருடமாக என் பிழைப்பு. வருவதில் பாதிக்கு மேல் காதல் கதை, மாயக் கதை, அல்லது இரண்டின் கலவை. ஆகவே உங்கள் குழப்பம் எனக்கு மாதாமாதம் வருகிற குழப்பம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டு நாவல்களின் பெயரையும் நீங்கள் சொல்லவில்லை. நீங்கள் எழுதிய வரிகளை வைத்துத்தான் பேசுகிறேன், புத்தகங்களுக்குத் தீர்ப்பு சொல்லவில்லை.

தோழியின் கிண்டலை முதலில் முடித்துவிடலாம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காதல் நாவலுக்கு முடிவு தெரிந்திருப்பது குறையே கிடையாது, அது அந்த வகை வாசகரோடு போட்டுக்கொண்ட ஒப்பந்தம். 1980-ல் தொடங்கிய அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் இந்த வகைக்கு இரண்டே இலக்கணம் வைத்தது: கதையின் நடுவில் ஒரு காதல் இருக்க வேண்டும், முடிவு மனதுக்கு நிறைவாகவும் நம்பிக்கை தருவதாகவும் இருக்க வேண்டும். துப்பறியும் நாவலைத் திறக்கும்போதே கொலையாளி பிடிபடுவான் என்று நமக்குத் தெரியும். அதை யாரும் கிண்டல் செய்வதில்லை. நம் அகப்பாடல்களை எடுத்துக்கொள்ளுங்கள். குறிஞ்சி என்றால் புணர்தல், பாலை என்றால் பிரிதல், முல்லை என்றால் காத்திருத்தல் என்று முன்பே வகுத்தாகிவிட்டது. தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர்கூடக் கிடையாது. இத்தனையும் தெரிந்துகொண்டுதான் குறுந்தொகையின் நானூறு சொச்சம் பாடல்களையும் படிக்கிறோம், ஒன்று போல இன்னொன்று இல்லை. என்ன நடக்கும் என்பது தெரிந்துபோன பிறகு, எப்படி நடக்கும் என்பதில் மட்டும் கண் வைக்க முடிகிறது. வகையின் வசதியே அதுதான்.

1813-ல் வந்த ஜேன் ஆஸ்டினின் 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலுக்கு 61 அத்தியாயங்கள். நாயகன் டார்சி முதல்முறை தன் காதலைச் சொல்வது 34-ஆவது அத்தியாயத்தில். நாயகி எலிசபெத் முகத்தில் அடித்தாற்போல் மறுக்கிறாள். அடுத்த அத்தியாயத்தில் அவன் கடிதம் வருகிறது. புத்தகத்தில் கிட்டத்தட்ட பாதி இன்னும் மீதி இருக்கிறது, இவர்கள் சேரத்தான் போகிறார்கள் என்று வாசகருக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பாதியைக் கீழே வைக்க முடியாது. காரணம், சேர வேண்டுமானால் இரண்டு பேரும் தங்களைப் பற்றித் தாங்களே வைத்திருக்கும் எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அதை எப்படிச் செய்வார்கள் என்பதுதான் மீதி நாவல். எலிசபெத் அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும் பக்கங்களில் எதுவும் 'நடக்கவில்லை'. ஆனால் என்னைக் கேட்டால் நாவல் திரும்புவது அங்கேதான்.

ஃபேன்டசியின் ஒப்பந்தம் வேறு. 1939-ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகள் பற்றி, 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் ஓர் உரை நிகழ்த்தினார். நம்ப முடியாததை நம்புவதாக வாசகர் ஒப்புக்கொள்கிறார், அவநம்பிக்கையைக் கொஞ்ச நேரம் ஒத்திவைக்கிறார் என்று 1817-ல் ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் சொன்னது பிரபலமான கருத்து. டோல்கீனுக்கு அது போதவில்லை. எழுத்தாளர் தன் கதைக்குள் இன்னோர் உலகத்தைச் செய்கிறார், அதற்குள் இருக்கும்வரை அதன் விதிப்படி எல்லாம் உண்மை என்றார். சந்தேகம் தலைதூக்கிய அந்தக் கணமே மாயம் கலைந்துவிட்டது, அதன் பிறகு வாசகர் அவநம்பிக்கையை ஒத்திவைப்பதெல்லாம் ஒப்பேற்றும் வேலைதான் என்பது அவர் வாதம். பிரதி படிக்கும்போது இதை நான் உடம்பிலேயே உணர்வேன். நாற்காலியில் ஒருமுறை அசைந்து உட்காருவேன், அவ்வளவுதான், அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சில் கோடு விழும்.

இதைப் புரிந்துகொள்ள மேல்நாட்டு நாவல்களுக்குப் போக வேண்டியதுகூட இல்லை. வேதாளம் விக்கிரமாதித்தனுக்குப் போட்ட நிபந்தனையை எடுத்துக்கொள்ளுங்கள். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். வாயைத் திறந்து சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். இரண்டு வரியில் ஒரு விதி, அதிலிருந்து அத்தனை கதைகள். அந்த ராஜா தோற்றுக்கொண்டே இருப்பது முட்டாள்தனத்தால் இல்லை, அவனுக்கு விடை தெரிந்திருப்பதால். எழுத வரும் இளைஞர்கள் 40 பக்கம் மந்திர விதிகள் எழுதிக்கொண்டு வரும்போதெல்லாம் இந்த இரண்டு வரியை நினைத்துப் பெருமூச்சு விடுவேன்.

2007-ல் பிராண்டன் சாண்டர்சன் என்ற ஃபேன்டசி எழுத்தாளர் ஒரு விதி சொன்னார். ஒரு மந்திரம் வாசகருக்கு எந்த அளவுக்குப் புரிந்திருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் அதை வைத்து எழுத்தாளர் சிக்கலைத் தீர்க்கலாம் என்பது அதன் சாரம். எழுத்துப் பட்டறைகளில் இதை வேதவாக்கு போல ஓதுகிறார்கள். நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். சிக்கலைத் தீர்க்க மந்திரம் வருகிற கதைக்கு அது சரி. ஆனால் 2020-ல் வந்த சுசானா கிளார்க்கின் 'பிரனேசி' நாவலில் முடிவில்லாத ஒரு மாளிகை, அதில் சிலைகள், கீழ்த்தளத்தில் கடல் அலைகள். அது எப்படி இயங்குகிறது என்று யாரும் பாடம் எடுப்பதில்லை, ஆனாலும் ஓர் இடத்தில்கூட நான் அசைந்து உட்காரவில்லை. அலை எப்போது வரும் என்று கதைசொல்லி கணக்கு வைத்திருக்கிறான், அந்தக் கணக்கு பொய்க்காது. எனக்கு அது போதும். சிலருக்குப் போதாது. அங்கே அவரவர் மனப்போக்குதான் பேசுகிறது என்பதால் வாதாட மாட்டேன்.

சரி, இரண்டையும் கலந்தால் என்ன ஆகும்? உங்கள் இரண்டு இரவு நாவல் அந்த வகைதானே. இப்போது ரொமான்டஸி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புதுசு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வேலைக்காரப் பெண்ணின் கடிதங்களாகவே சொல்லப்பட்ட, ஆங்கிலக் காதல் நாவல்களுக்கு முன்னோடி என்று சொல்லப்படும் சாமுவேல் ரிச்சர்ட்சனின் 'பமேலா' 1740-ல் வந்தது. அதே 1740-ல்தான் பிரான்ஸில் வில்நெவ் என்ற பெண்மணி அழகியும் மிருகமும் கதையை முதன்முதலில் அச்சில் கொண்டுவந்தார். நாம் குழந்தையாகக் கேட்ட சுருக்கமான கதை அவருடையது இல்லை. அவருடையது ஒரு நாவல் அளவுக்கு நீளம். மிருகம் மனிதனான பிறகும் கதை முடியாமல், தேவதைகளின் சண்டை, அழகியின் உண்மையான பெற்றோர் யார் என்று பக்கம் பக்கமாக முன்கதை ஓடும். 1756-ல் பூமோன் என்ற ஆசிரியை அதையெல்லாம் வெட்டிச் சுருக்கினார். உலகம் சுற்றி நிலைத்தது அந்தச் சுருக்கம்தான். உலகத்தைக் கட்டுகிறேன் என்று கதையை மூச்சு முட்டவைக்கும் வியாதி இன்று வந்ததில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். என் தொழிலைச் செய்தவர்களில் பூமோனை ஒரு முன்னோடியாக வைத்துக்கொள்வேன்.

அந்தக் கதையின் எலும்பைப் பாருங்கள். காதலுக்குத் தடை ஒரு சாபம், அதாவது மாயம். ஆனால் சாபத்தின் சாவி மாயத்தின் கையில் இல்லை. வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துப் போன அழகி, தாமதமாக, சாகக் கிடக்கும் மிருகத்திடம் திரும்பி வருகிறாள். மிருகமாகவே இருந்தாலும் சரி என்று முடிவு செய்கிறாள். அவள் முடிவு செய்த பிறகுதான் சாபம் விலகுகிறது. கலப்பு நாவல் எதை எடுத்தாலும் நான் பென்சிலோடு தேடுவது இந்த இடத்தைத்தான். தடையை வைத்தது யார், எடுத்தது யார்? காதல் நாவலின் எட்டு உறுப்புகளை 2003-ல் பமேலா ரெஜிஸ் என்ற ஆய்வாளர் வகுத்துக் காட்டினார். அதில் தடையும் ஒன்று. காதலர்கள் ஏன் இன்னும் சேரவில்லை என்பதற்கான காரணம் அது. அது உள்ளே இருக்கலாம், வெளியே இருக்கலாம், இரண்டுமாக இருக்கலாம். கலப்பு நாவலில் அது பெரும்பாலும் மாயமாக இருக்கும். அதில் தப்பே இல்லை. மாயம் வைத்த தடையை இன்னொரு மாயமே வந்து எடுத்துவிடும்போதுதான் கதை வழுக்குகிறது.

உங்கள் இளவரசன் கதையில் என்ன நடந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவனைத் தொட்டால் மரணம். 400 பக்கம் அவள் தொடவில்லை, தொட நினைக்கிறாள், கையுறை போடுகிறாள், கதவுக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். நிச்சயம் நன்றாக இருந்திருக்கும், தூக்கம் போனதில் ஆச்சரியமே இல்லை. கடைசியில் அவள் அவனுக்கென்றே விதிக்கப்பட்ட துணை, அவளை மட்டும் சாபம் தீண்டாது என்று தெரியவருகிறது. இனி ஒரு கேள்வி. அவள் தன் உயிரைக் கொடுத்தாவது தொடுகிறேன் என்று முடிவு செய்து, தொட்ட பிறகு அது தெரிந்ததா? அல்லது முதலில் ஒரு கிழவனோ ஓலைச்சுவடியோ வந்து சொல்லிவிட்டு, பிறகு தொட்டாளா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டாவது என்று தோன்றுகிறது. அப்படியானால் 400 பக்கம் கட்டிய இறுக்கத்துக்கு யாரும் விலை கொடுக்கவில்லை. சாவே இல்லாத இடத்தில் சாவுக்குப் பயந்திருந்தோம் என்று ஆகிவிடுகிறது. தொடும் முன்னும் தொட்ட பின்னும் அவள் அதே ஆள். அவளிடம் எதுவும் மாறாததால் நம் நினைவு பிடித்துக்கொள்ளவும் எதுவும் இல்லாமல் போயிருக்கலாம். 'போயிருக்கலாம்' என்றுதான் சொல்கிறேன், இந்த இடத்தில் எனக்கு முழு உறுதி கிடையாது.

இப்படி ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டு திரிந்த என்னை ஒரு பழைய நாவலே உட்கார வைத்துப் பாடம் எடுத்தது. 1847-ல் வந்த 'ஜேன் ஐர்'. நாயகி ஜேனுக்கும் அவள் காதலிக்கும் ரோச்செஸ்டருக்கும் நடுவில் இருக்கும் தடை அவனுடைய உயிரோடிருக்கும் மனைவி. அந்தத் தடையை எடுத்தது யார்? வீட்டில் பிடித்த தீ. அந்த மனைவி அதில் இறந்துபோகிறாள். போதாததற்கு, பல மைல் தொலைவிலிருந்து ரோச்செஸ்டர் கூப்பிடும் குரல் ஜேனின் காதில் விழுகிறது. என் அளவுகோலின்படி இது பூஜ்யம் வாங்க வேண்டிய முடிவு. ஆனால் வாங்கவில்லை. ஏன் என்று யோசித்து யோசித்துக் கடைசியில் இப்படிப் புரிந்தது: தடை விலகும் முன்பே ஜேன் விலை கொடுத்துவிட்டாள். பட்டினி கிடந்து, நடுத்தெருவில் நின்று, அவனை விட்டுப் போனாள். பிறகு 20,000 பவுண்டு சொத்து வந்தபோது அத்தை மக்கள் மூவரோடும் சமமாகப் பங்கு போட்டாள். குரல் கேட்கும்போது அவள் யாரையும் நம்பி நிற்கும் ஆள் இல்லை. தீ எடுத்தது தடையைத்தான். திரும்பி வந்தவளை உண்டாக்கியது தீயில்லை. அதனால் என் அளவுகோலைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டேன். தடையை யார் எடுத்தாலும் சரி, அதற்குள் யாராவது எதையாவது இழந்து வேறு ஆளாகியிருக்கிறார்களா என்று பார்ப்பேன்.

நம் மணிமேகலையில் இதற்கு நேர் எதிராக ஒன்று நடக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த இடம். சோழ இளவரசன் உதயகுமரன் மணிமேகலையை விடாமல் தொடர்கிறான். அவளிடம் வேற்றுரு எடுக்கும் மந்திரம் இருக்கிறது. அவனிடமிருந்து தப்பக் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். சாமர்த்தியமான யோசனை. ஆனால் காயசண்டிகைக்கு ஒரு கணவன் இருக்கிறான், மனைவியைத் தேடி வருகிறான். தன் மனைவி வேற்று ஆணோடு பேசுவதாக எண்ணி உதயகுமரனை வாளால் வெட்டிவிடுகிறான். தடையை நீக்க எடுத்த மந்திரமே பழியைக் கொண்டுவருகிறது. இன்றைய பிரதிகளில் மந்திரம் இப்படித் திரும்பி வந்து கடிப்பதை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

சமீபத்தில் மறுபடி எடுத்துப் படித்தவற்றில், கலப்பு வகையில் எனக்கு நிறைவாக இருந்தது 2018-ல் வந்த நவோமி நோவிக்கின் 'ஸ்பின்னிங் சில்வர்'. வட்டிக்குக் கடன் கொடுப்பவரின் மகள் மிர்யெம். வெள்ளியைத் தங்கமாக்குவேன் என்று அவள் வீம்பாகச் சொன்னது பனிநாட்டு ராஜாவின் காதில் விழுகிறது. அவன் வெள்ளியோடு வந்து நிற்கிறான், மூன்று முறை. அவளிடம் மந்திரம் எதுவும் இல்லை. வெள்ளியை நகையாகச் செய்யவைத்துப் பிரபுவிடம் தங்கத்துக்கு விற்கிறாள், அவ்வளவுதான். மந்திரக் கட்டளையை வியாபாரத்தால் நிறைவேற்றும் அந்தப் பகுதியை எத்தனை முறை படித்தாலும் சிரிப்பு வரும். குறையும் உண்டு. கதை சொல்லும் குரல்கள் போகப் போகக் கூடிக்கொண்டே போகின்றன, பின்பாதியில் இப்போது பேசுவது யார் என்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. மிர்யெமுக்கும் ராஜாவுக்கும் நடுவில் காதல் என்று சொல்லக்கூடியதும் மிகக் குறைவான பக்கங்களில்தான் வருகிறது. காதலுக்காகவே படிப்பவர் ஏமாந்திருந்தால் அவர் பக்கம்தான் நியாயம். எனக்கு ஏன் ஏமாற்றமாக இல்லை? கடன், சொன்ன சொல், அதை நிறைவேற்றுவது என்ற மொழியில்தான் இருவரும் ஒருவரையொருவர் மதிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். கணக்குப் பார்க்கும் காதல் எனக்குப் பிடிக்கும். இதை அபிப்பிராயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி, 120-ஆம் பக்கத்து நாவல். தாயைப் பார்த்து வழிவிடும் காட்சி ஏன் நிற்கிறது என்பதற்கு இரண்டு விளக்கம் உண்டு, இரண்டில் எது என்று என்னால் தீர்மானிக்க முடியாது. ஒன்று, அது நல்ல காட்சி. மந்திரத்தின் விலை என்ன என்று விளக்காமல் காட்டிவிட்டது. அதைக் கொடுத்தவளுக்குத் தான் இழந்ததுகூடத் தெரியவில்லை, நமக்குத்தான் தெரிகிறது. இரண்டாவது விளக்கம் கொஞ்சம் சப்பென்று இருக்கும்: நீங்கள் அந்தப் புத்தகத்தை முடிக்கவில்லை. முடித்த வேலையைவிடப் பாதியில் நின்ற வேலை அதிகம் நினைவில் இருக்கிறது என்று 1927-ல் ப்ளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் எழுதினார். பிறகு மற்றவர்கள் அதே சோதனையைச் செய்து பார்த்தபோது எல்லோருக்கும் அதே முடிவு வரவில்லை, ஆகவே அதையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் தொங்கலில் நிற்பது மனதில் சுற்றிக்கொண்டிருக்கும் என்பதை மறுக்க முடியவில்லை. எனவே நினைவில் நிற்கிறது, ஆகவே நல்ல புத்தகம் என்று அவசரப்பட்டுக் கூட்டிக் கழித்துவிடாதீர்கள்.

அதேபோல மறந்துபோனது என்பதாலேயே இளவரசன் கதை மோசம் என்றும் சொல்லிவிட முடியாது. நடுநிசியில், ஒவ்வோர் அத்தியாய முடிவிலும் கொக்கி போட்டு இழுக்கும் கதையை வேகமாகப் படித்தால் பெயர்கள் நிற்காது. எனக்கு மிகப் பிடித்த சில நாவல்களின் நாயகர்கள் பெயரே எனக்கு வராது, ஆனால் அவர்கள் படியேறும் விதம் நினைவிருக்கும். பெயர் மறப்பதும் புத்தகம் மறப்பதும் வேறு வேறு. நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. புத்தகத்தை எடுக்காமல், அதில் யாராவது தனக்குப் பிடித்தமில்லாத ஒரு முடிவை எடுத்த இடம் எது என்று கேட்டுக்கொள்வேன். பதில் வந்தால் புத்தகம் உள்ளே இருக்கிறது. வராவிட்டால், பிடித்த பகுதி என்று நினைக்கும் இடத்தில் ஒரு 20 பக்கம் மறுபடி படிப்பேன். என்ன நடக்கும் என்ற பதற்றம் இப்போது இல்லை. வாக்கியமும் ஆட்களும் மட்டும் மிச்சம். அந்த 20 பக்கம் தாங்கினால் என் ஐந்து நட்சத்திரத்தை மாற்ற மாட்டேன்.

ஒருமுறை இதில் நானே வழுக்கியிருக்கிறேன். ஒரு பிரதியை ஒரே மூச்சில் படித்துவிட்டு, கண்டிப்பாக எடுங்கள் என்று அன்றிரவே குறிப்பு எழுதினேன். மூன்று மாதம் கழித்து அச்சுக்குப் போகும் முன் அதே பிரதி செம்மையாக்கத்துக்கு என்னிடமே வந்தது. 70 பக்கம் தாண்டுவதற்குள் மூச்சு முட்டியது. ஓடிக்கொண்டே இருந்தது, எங்கேயும் போகவில்லை. அதிலிருந்து படித்த அன்று குறிப்பு எழுதுவதை விட்டுவிட்டேன், ஒரு வாரம் தள்ளித்தான் எழுதுவேன். ஆனால் ஒரு வாரம் கழித்து எழுதிய குறிப்புகள் எல்லாமே சரியாக இருந்தன என்றும் சொல்ல மாட்டேன். தள்ளிப்போட்டதால், படிக்கும்போது இருந்த உண்மையான சந்தோஷத்தைக் குறைத்து மதிப்பிட்ட புத்தகங்களும் உண்டு. அவை நன்றாக விற்றன என்பதோடு, வாசகர்கள் ஆசையாகவும் பேசினார்கள்.

பாதியில் வைத்த புத்தகத்துக்குக் கருத்து சொல்லலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. எந்தப் பக்கத்தில், ஏன் வைத்தீர்கள் என்று சேர்த்துச் சொன்னால் அது முடித்தவரின் கருத்தைவிடச் சில சமயம் பயனுள்ளது. சொல்லக்கூடாதது ஒன்றே ஒன்று: கதை எங்கே போய்ச் சேர்கிறது என்பது பற்றி. நட்சத்திரத்தைப் பொறுத்தவரை எனக்கு அந்த ஏற்பாடே பிடிப்பதில்லை. படிக்கும்போது எப்படி இருந்தது, பிறகு என்ன மிஞ்சியது என்ற இரண்டு கேள்விக்கு ஒரே எண்ணால் பதில் சொல்லச் சொன்னால் யாருக்கும் குழப்பம்தான் வரும்.

ரசனை மட்டமாகிவிட்டதா என்ற கவலைக்கு ஒரு சேதி. ஜானிஸ் ராட்வே என்ற ஆய்வாளர் காதல் நாவல் வாசகிகள் ஒரு குழுவினரோடு பேசி 1984-ல் ஒரு நூல் எழுதினார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததாகத் தெரியும் புத்தகங்களை, அந்தப் பெண்கள் கறாராகப் பிரித்து வைத்திருந்தார்கள். இது நல்லது, இது உதவாது, இந்த நாயகன் சகிக்கவில்லை என்று காரணத்தோடு சொன்னார்கள். படிக்கிற நேரம் தங்களுக்கே தங்களுக்கான நேரம் என்றும் சொன்னார்கள். 11 நாவல்களில் எது ஏன் பிடித்தது என்று இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கும் உங்களுக்கு ரசனை பற்றிக் கவலை எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

என் தீர்ப்பு எங்கே கோணும் என்பதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். கூலிக்குப் படிப்பவன் நான். பிழை தேடிப் பழகிய கண். மெதுவான கதைக்கு என்னிடம் எப்போதும் ஒரு சலுகை உண்டு, வேகமான கதையைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் திறப்பேன். படுக்கையறைக் காட்சிகளைப் பற்றி என் கருத்தைக் கேட்கவே கேட்காதீர்கள். வருடக்கணக்காக அவற்றில் ஒற்றுப்பிழை திருத்தியவனுக்கு அவை என்ன உணர்வைத் தர வேண்டும் என்பதே மறந்துவிட்டது. அப்புறம், நாயகியை மிரட்டி அடக்கி வைக்கும் நாயகன் வந்தால் எனக்கு எழுத்தின் தரமே கண்ணில் படாது, எரிச்சல்தான் வரும். அது நாவலின் குறையா என் குறையா என்று பிரித்துப் பார்க்க முயன்று தோற்றிருக்கிறேன்.

உங்கள் இடத்தில் நானாக இருந்தால் இளவரசனுக்குப் போட்ட ஐந்தை அப்படியே விட்டுவிடுவேன். இரண்டு இரவு சந்தோஷமாக இருந்தது பொய்யில்லையே. பக்கத்தில் ஒரு வரி மட்டும் சேர்ப்பேன்: சாபம் தீர்ந்த விதம் பிடிக்கவில்லை. மற்ற நாவலின் இரண்டு நட்சத்திரத்தை அழித்துவிட்டு, 121-ஆம் பக்கத்திலிருந்து ஒரு 30 பக்கம் படிப்பேன். அதற்கு மேலும் ஊர்ந்தால் மறுபடி மூடிவையுங்கள், இந்த முறை குற்ற உணர்ச்சி வேண்டாம். ஆனால் ஒன்று, மகள் ஒதுங்கி வழிவிட்டபோது அந்தத் தாய் நின்று திரும்பிப் பார்த்தாளா, இல்லை அப்படியே நடந்துபோய்விட்டாளா? நீங்கள் எழுதவில்லை. எப்படியும் அந்தப் பக்கத்தைப் புரட்டத்தான் போகிறீர்கள், பார்த்து எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.